படைவீரர்க்குரிய மூன்று நாட்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே படைத்தொழில் பூண்டாரைப் போற்றுதற்கென்று ஆண்டுதோறும் மூன்று நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன. மே மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை ஒன்று. அம்மாதத்தின் இறுதித் திங்கட்கிழமை மற்றொன்று. நவம்பர் 11-ஆம் நாள் பிறிதொன்று. அந்நாட்டார் இவற்றை முறையே ஆர்மடு போர்ஸஸ் டே, மெமோரியல் டே, வெட்டரன்ஸ் டே என வழங்குவர். யாம் இவற்றைப் படைகள் நாள், நினைவு நாள், முன்னாள் வீரர் நாள் எனத் தமிழிற் குறிப்பேம். மூன்றிலும் கொடி பறக்கும். மூன்றிலும் அணிவகுப்பு நிகழும். மூன்றிலும் சீருடையணிந்தார் முன்னிற்பர். ஆதலின், புறத்தே நின்று நோக்குவார்க்கு மூன்றும் ஒன்றேபோலத் தோன்றும்.

அயல்நாட்டாராகிய நாம் இதில் மயங்குதல் வியப்பன்று. அந்நாட்டாருள்ளும் பலர் மயங்குகின்றனர். மே மாத இறுதியில் வரும் நினைவு நாளன்று, போரினின்றும் உயிரோடு மீண்டு வந்த ஒருவரைக் கண்டு, அவர் புரிந்த பணிக்கு நன்றி கூறிக் கைகுலுக்குவாருண்டு. கூறுவார் நல்லெண்ணத்தாலேயே கூறுகின்றனர். ஆனால், கேட்பவர் நெஞ்சம் கூசும். அந்நாள் தமக்குரியதன்று, தம் பக்கத்தே நின்று வீழ்ந்து மீளாது போன தோழர்க்குரியது என்பதை அவர் நன்கறிவர். இறந்தானுக்குரிய மாலையை இருப்பவன் கழுத்தில் இடுவதை ஒப்பதாம் இம்மயக்கம். ஆதலின், இந்நாட்களின் வேறுபாடு வெறும் பெயர் வேறுபாடன்று. யார்க்கு எது கடன் என்பது பற்றிய வேறுபாடென்று யாம் கருதுகின்றேம்.

சீருடையை இன்று உடுத்திருப்பார்க்கு ஒரு நாள். உடுத்துக் களைந்தார்க்கு ஒரு நாள். களையுமுன் மடிந்தார்க்கு ஒரு நாள் என்று அந்நாட்டார் சுருங்கச் சொல்வதுண்டு. இவ்விளக்கம் நினைவில் நிற்கத் தக்கது. எனினும், மூன்று நாட்களும் ஒருவர் ஒருங்கிருந்து வகுத்தவையல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு போரினின்றும் ஒவ்வொரு வகையாற் பிறந்தது. அவ்வரலாற்றை அறிந்தாலன்றி வேறுபாடு உள்ளத்திற் பதியாது.

மூன்றனுள் மூத்தது நினைவு நாள். 1861 முதல் 1865 வரை அந்நாட்டு வடபகுதியாரும் தென்பகுதியாரும் தம்முட் பொருத உள்நாட்டுப் போரில் மாண்டவர் ஏறத்தாழ 6,20,000 பேர் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2011-ஆம் ஆண்டில் குடிக்கணக்குகளை மீண்டும் ஆராய்ந்த அறிஞரொருவர் அத்தொகை 7,50,000 அளவினதாதல் கூடுமென்றனர். எத்தொகையை மேற்கொள்ளினும், சாவு புகாத வீடு அரிது என்பது தெளிவு. புதைக்குழிகள் ஊர்தோறும் இருந்தன. அவற்றை நாடி மகளிர் மலருடன் சென்றனர். கல்லறையில் மலரிட்டு விளக்கேற்றுதல் நம்மவர்க்கும் பழகியதே. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று நம்மூர்க் கல்லறைத் தோட்டங்களைக் கண்டார் அதனை அறிவர். துயருற்ற உள்ளம் முதலிற் செய்யும் செயல் அதுவே. எந்த அரசும் கட்டளையிடுதற்கு முன்பே இவ்வழக்கம் அமெரிக்க மண்ணில் வேரூன்றியது.

முதன்முதல் மலரிட்டவர் யாவர் என்பதில் வழக்குண்டு. ஊர்கள் பல இப்பெருமைக்கு உரிமை கொண்டாடுகின்றன. 1966-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பேரவையும் தலைவர் ஜான்ஸனும் நியூயார்க்கு மாநிலத்து வாட்டர்லூ என்னும் ஊரையே பிறப்பிடமென அறிவித்தனர். அறிவிப்பினால் வழக்கு ஒழிந்ததில்லை. மிஸிஸிப்பி மாநிலத்துக் கொலம்பஸ் நகரத்து மகளிர் 1866-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் தம்மவர் கல்லறைகளுக்கு மலரிடச் சென்றபோது, அருகே கேட்பாரற்றுக் கிடந்த பகைவரின் கல்லறைகளுக்கும் மலரிட்டனர் என்பது பலரும் எடுத்துரைக்கும் செய்தி.

ஆயினும், எம் உள்ளத்தை மிகவும் ஈர்த்தது தென் கரோலினா மாநிலத்துச் சார்லஸ்டன் நகரத்து நிகழ்ச்சியாம். அந்நகரத்துக் குதிரைப் பந்தய வெளியைத் தென்பகுதியார் போரின் இறுதியாண்டில் சிறைக்களமாக்கினர். அங்கே அடைபட்ட வடபகுதி வீரருள் 257 பேரேனும் நோயாலும் வெயிலாலும் மடிந்து, பந்தயம் காண்போர் இருக்கைக்குப் பின்புறத்தே குவியலாகப் புதைக்கப்பட்டனர். நகரம் கைமாறியபின், அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள் அவ்வுடல்களைத் தோண்டியெடுத்துத் தனித்தனியே முறைப்படி அடக்கம் செய்தனர். சுற்றிலும் வேலியெடுத்து, வாயிலின்மேல் அவர்களைப் பந்தய வெளியின் தியாகிகள் எனப் பொறித்தனர். 1865-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாளன்று ஏறத்தாழ 10,000 பேர் அவ்விடத்தே திரண்டனர். பள்ளிச் சிறாரே முதலிற் சென்றனர். அவர் கைகளில் ரோஜா மலர்கள் இருந்தன. தம் விடுதலைக்காக மடிந்தவர் என்னும் நன்றியுணர்வால், பெயரும் அறியாத அயலார்க்கு அவ்வேழை மக்கள் செய்த சிறப்பு அது. இந்நிகழ்ச்சியை வெள்ளையர் எழுதிய நகர வரலாறு விரைவிலே மறந்தது. டேவிட் பிளைட் என்னும் வரலாற்றுப் பேராசிரியர் இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே பழஞ்சுவடிகளினின்றும் இதனை மீட்டுரைத்தார். மறவாமைக்கென்று ஏற்பட்ட ஒரு நாளின் தொடக்கமே நூறாண்டுக்கு மேலாக மறக்கப்பட்டிருந்தது!

நிற்க. இவ்வாறு ஆங்காங்கே நிகழ்ந்ததனை நாடு தழுவிய ஒரு நாளாக்கியவர் ஜான் லோகன் என்னும் படைத்தலைவர். வடபகுதி வீரர் சங்கத்தின் தலைவராயிருந்த அவர், 1868-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் விடுத்த கட்டளையில், அம்மாதம் 30-ஆம் நாளன்று தோழர்தம் கல்லறைகளை மலரால் அணிசெய்க என்றார். அதனால் அந்நாள் முதலில் அணிசெய் நாள் என்னும் பொருள்படும் டெகரேஷன் டே என்றே வழங்கிற்று. மே 30 எந்தப் போரின் ஆண்டு நிறைவுமன்று; அப்பருவத்தில் நாடெங்கும் மலர் மிகுதி என்பதே அதனைத் தெரிந்ததற்குக் காரணமென்பர். அவ்வாண்டு ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்திற் கூடியவர் ஏறத்தாழ 5,000 பேர். அவர்கள் மலரிட்ட கல்லறைகள் ஏறத்தாழ 20,000. தென்மாநிலங்களோ தம் இறந்தார்க்கெனத் தனித்தனி நாட்களை நெடுங்காலம் போற்றி வந்தன. முதல் உலகப் போருக்குப் பின்னரே அந்நாள் எல்லாப் போரிலும் இறந்த எல்லார்க்கும் உரியதாயிற்று.

அந்நாட் கொடி முறை கருதத்தக்கது. விடியற்காலையிற் கொடி உச்சிவரை ஏற்றப்பட்டுப் பின் அரைக்கம்பத்திற்கு இறக்கப்படும். நண்பகல்வரை அங்ஙனமே நிற்கும். நண்பகலில் மீண்டும் உச்சிக்கு ஏற்றப்படும். பிற்பகல் 3 மணிக்கு எவரும் தாம் இருந்த இடத்தில் ஒரு நிமிடம் வாளாவிருத்தல் வேண்டுமென 2000-ஆம் ஆண்டிற் சட்டமொன்றும் இயற்றப்பட்டது. ஏனை இரு நாட்களில் இத்தகைய துயரக்குறி இல்லை. கொடியின் நிலை ஒன்றைக் கண்டே இந்நாளைப் பிறவற்றினின்றும் பிரித்தறியலாம்.

இனி, நவம்பர் 11. 1918-ஆம் ஆண்டு அந்நாள் முற்பகல் 11 மணிக்கு முதல் உலகப் போரின் பீரங்கிகள் ஓய்ந்தன. பிரான்சு நாட்டுக் கொம்பியேன் காட்டிலே, இரயில் வண்டியொன்றினுள் அன்று விடியுமுன் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாயிற்று. அடுத்த ஆண்டே தலைவர் வில்ஸன் அந்நாளைப் போற்றுமாறு அறிவித்தார். 1921-ஆம் ஆண்டில் அதே நாளிலேதான் பெயரறியாப் போர்வீரர் ஒருவரின் உடல் ஆர்லிங்டனில் அடக்கம் செய்யப்பட்டது. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாளைப் பொது விடுமுறையாக்கி, உலக சமாதானத்தின்பொருட்டு அதனை அர்ப்பணித்தது. போர்நிறுத்த நாள் என்பதே அதன் பெயர். அஃதாவது, அது தொடக்கத்தில் வீரர் நாளன்று, சமாதான நாள்.

சட்டம் பிறந்த மறு ஆண்டே ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அமெரிக்காவிலிருந்து மட்டும் 1 கோடியே 60 லட்சத்திற்கு மேற்பட்டோர் அப்போரிற் படைப்பணி புரிந்தனர். அவர்கள் வீடு திரும்பியபோது, தம் தந்தையர் போரின் முடிவை மட்டும் குறிக்கும் நாளில் தமக்கு இடமில்லை என்று கண்டனர். அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரத்து ரேமண்டு வீக்ஸ் என்னும் வீரர், எல்லாப் போர் வீரரையும் போற்றும் விழாவொன்றை 1947-ஆம் ஆண்டு நவம்பர் 11 அன்று தம் நகரில் நடத்தினார். கான்ஸாஸ் மாநிலத்து எம்போரியா நகரில் ஆல்வின் கிங் என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளர் 1953-ஆம் ஆண்டில் அவ்வாறே செய்ய முயன்றார். அவ்வூரினராகிய எட் ரீஸ் என்னும் பேரவை உறுப்பினர் அதனைச் சட்ட முன்வரைவாக்கினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தாமே பெரும்படைத் தலைவராயிருந்த ஐஸனோவர் அதிற் கையொப்பமிட்டார். சட்டத்தில் மாறியது ஒரு சொல்லே. போர்நிறுத்தம் என்னும் சொல் நீங்கி, முன்னாள் வீரர் என்னும் சொல் புகுந்தது. வாழும் வீரர்க்கு அது பேறு. அவர் நன்றிக்குரியர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பீரங்கி ஓய்ந்த பொழுதினைக் கொண்டாடிய ஒரு பெயர் அந்நாட்டு நாட்குறிப்பினின்றும் மறைந்தது இழப்பே என்று எமக்குத் தோன்றுகிறது.

இலக்கணம் பயில்வார்க்கு இந்நாட்பெயரிலே ஒரு சுவையுண்டு. ஆங்கிலத்தில் உடைமைப் பொருளைக் காட்ட எழுத்தின் தலைமேல் ஒரு சிறு குறியிடுவர். முன்னாள் வீரர் நாள் என்பதன் ஆங்கிலப் பெயரை எழுதுங்கால் அக்குறியை இடலாகாது என்று அந்நாட்டு அரசின் முன்னாள் வீரர் துறையே விளக்கியுள்ளது. காரணம், அந்நாள் வீரரது உடைமையன்று, வீரரைப் போற்றும் நாள் என்பதாம். நம் மொழியிற் கூறின், ஆறாம் வேற்றுமைத் தொகையன்று, இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை எனலாம். அரசுத் துறையொன்று தொகை விரித்துப் பொருள் கூறுவதை யாம் வேறெங்கும் கண்டதில்லை.

இந்நாளைப்பற்றி மற்றொரு மயக்கமும் நேர்வதுண்டு. பிரிட்டனிலும் கானடாவிலும் இதே நவம்பர் 11 போற்றப்படுகின்றது. ஆனால் அங்கே அது இறந்தார்க்குரிய நாள். 1919-ஆம் ஆண்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வேண்டியபடி தொடங்கிய இரண்டு நிமிட மௌனம் அங்கு இன்றும் உண்டு. ஆகவே, ஒரே நாளில் ஒரு நாட்டார் இருப்பார்க்கு நன்றி கூற, மற்றொரு நாட்டார் இறந்தார்க்கு வருந்துகின்றனர். செந்நிறப் பாப்பி மலரும் அவ்வாறே இடம் மாறிற்று. போரில் மடிந்தாரை நினைந்து அதனை அணியும் வழக்கத்தை 1918-ஆம் ஆண்டில் தொடங்கியவர் மொய்னா மைக்கேல் என்னும் அமெரிக்க ஆசிரியை. ஆயினும், பிரிட்டனில் அது நவம்பர் மாதத்து மலர். அமெரிக்காவிலோ பெரும்பாலும் மே மாதத்து மலர். நம் நாட்டிற்கும் அப்போருடன் தொடர்புண்டு. அதில் உயிர்நீத்த இந்திய வீரர் 74,000-க்கு மேற்பட்டோர். சென்னைக் கோட்டையின் அருகே கடலை நோக்கி நிற்கும் போர் நினைவகம் முதலில் அப்போரின் வெற்றியைக் குறித்தே எழுப்பப்பட்டது. அதனைக் கடந்து செல்லும் நம்மவருள் அக்காரணத்தை எண்ணிப் பார்ப்பார் சிலரே.

படைகள் நாளைப்பற்றிக் கூற வேண்டுவது சிறிது. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியன தத்தமக்கென வெவ்வேறு நாட்களைக் கொண்டாடி வந்தன. 1947-ஆம் ஆண்டில் அவை ஓராட்சியின்கீழ்க் கொணரப்பட்டமையின், 1949-ஆம் ஆண்டில் பாதுகாப்பு மந்திரி லூயி ஜான்ஸன் அந்நாட்களையும் ஒன்றாக்கி அறிவித்தார். முதல் விழா 1950-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் நடந்தது. இது பொது விடுமுறையன்று. இன்று பணியிலிருப்பாரைப் போற்றுதலும், படைக்கலங்களைப் பொதுமக்கட்குக் காட்டுதலுமே இதன் நோக்கம். துயரில் பிறவாது அலுவலகத்திற் பிறந்தமையாற்போலும், மூன்றனுள்ளும் இதுவே மக்கள் நெஞ்சில் ஆழப் பதியாதது.

இனி, இந்நாட்களின் வேறுபாட்டை நன்கு காட்டுவதாகிய ஒரு செய்தியைக் கூறுவேம். 1968-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பேரவை விடுமுறைகள் சிலவற்றைத் திங்கட்கிழமைக்கு மாற்றிச் சட்டமியற்றிற்று. சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று நாட்கள் தொடர்ந்து ஓய்வு கிடைப்பின் குடும்பத்தார் ஒன்றுகூடுவர், பயணம் பெருகும், வாணிகம் வளரும் என்பது கருத்து. 1971 முதல் நினைவு நாள் மே 30-ஐ விட்டு இறுதித் திங்கட்கிழமைக்குச் சென்றது. முன்னாள் வீரர் நாள் நவம்பர் 11-ஐ விட்டு அக்டோபர் மாதத்து நான்காம் திங்கட்கிழமைக்குச் சென்றது. உடனே எதிர்ப்பு எழுந்தது. வீரர் சங்கங்கள் முறையிட்டன. பெரும்பான்மையான மாநிலங்கள் நவம்பர் 11-ஐயே கொண்டாடின. 1975-ஆம் ஆண்டில் தலைவர் போர்டு கையொப்பமிட்ட சட்டத்தால், 1978 முதல் அந்நாள் தன் பழைய இடத்திற்கே மீண்டது. மே 30 மட்டும் மீளவில்லை.

ஏன்? நவம்பர் 11 வரலாற்றிலே உண்மையாக நிகழ்ந்த ஒரு நாள். மே 30 மலர்ப் பருவத்தைக் கருதித் தெரிந்தெடுத்த நாளேயாம். ஆதலின் பின்னதை மாற்றுவதாற் கேடில்லை என்பார் கூற்றிற் பொருளில்லாமலில்லை. ஆனால், அஃதொன்றே காரணமாகாது. முன்னாள் வீரர் வாழ்கின்றனர், சங்கம் அமைக்கின்றனர், வாக்களிக்கின்றனர், தம் நாளைப் பிறர் அசைத்தால் தலைநகர் சென்று வாதாடுகின்றனர். ஆர்லிங்டனிற் கிடப்பார் எம்மன்றத்தும் முறையிடார். அவர்க்காக மற்றவர்தாம் பேசுதல் வேண்டும். யாம் இவ்வேறுபாட்டைப் பெரிதென மதிப்பதற்குக் காரணம் இதுவே. இரு நாட்களையும் ஒன்றெனக் குழப்புமிடத்து, நன்றி முழுவதும் பேசவல்லாரையே சென்றடைகின்றது.

நினைவு நாள் இன்று கோடைகாலத்தின் வாயிலாகக் கருதப்படுகின்றது. கடற்கரைப் பயணம், தோட்டத்தில் இறைச்சி சுட்டுண்ணல், கடைகளில் விலைக்குறைப்பு விற்பனை, அதற்கு முந்திய ஞாயிறன்று இண்டியானாபொலிஸ் நகரத்துக் கார்ப் பந்தயம் ஆகியவற்றில் அவ்வோய்வு கழிகின்றது. இவையனைத்தும் 1971-ஆம் ஆண்டு மாற்றத்தின் விளைவென்று பழிப்பார் உண்டு. அது முற்றும் பொருந்தாது. அப்பந்தயம் முதன்முதல் ஓடியதே 1911-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள்தான். நாள் நிலைத்திருந்த காலத்திலேயே விளையாட்டு உட்புகுந்துவிட்டது. திங்கட்கிழமை அதற்குக் கதவை அகலத் திறந்தது, அவ்வளவே.

அந்நாளைப் பழைய இடத்திற்கு மீட்க அயராது முயன்றவர் ஹவாயி மாநிலத்துச் செனட்டர் டானியல் இனோயி. ஜப்பானியர் வழியிற் பிறந்த அமெரிக்கராகிய அவர், 442-ஆம் போர்ப்பிரிவிற் சேர்ந்து, 1945-ஆம் ஆண்டு ஏப்ரலில் இத்தாலிய மலைப்போரில் வலக்கையை இழந்தவர்; 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டு மிக உயர்ந்த வீரப்பதக்கம் பெற்றவர். உயிரோடு மீண்டமையின், முறைப்படி நோக்கின் அவர் நவம்பர் மாதத்து நாளுக்குரியவர். அவர் வாதாடியதோ மே மாதத்து நாளுக்காக. 1980-களின் இறுதிமுதல் மே 30-ஐ மீண்டும் நிலைநாட்டுமாறு சட்ட முன்வரைவைத் திரும்பத் திரும்பக் கொணர்ந்தார். அஃது ஒருகாலும் நிறைவேறவில்லை. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அவர் இறந்தார். ஹானலூலு நகரில், அணைந்த எரிமலை வாயொன்றினுள் அமைந்த படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஆர்லிங்டனில் நினைவு நாளுக்குச் சில நாட்கள் முன்பு ஒரு பணி நடைபெறும். படைஞர் ஒவ்வொரு கல்லின் முன்னும் ஓரடி அளந்து ஒரு சிறு கொடியை நடுவர். கற்கள் இரண்டரை லட்சத்திற்கு மேற்பட்டவை. பணியோ சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஹானலூலுத் தோட்டத்திற் கொடியுடன் மலர்மாலையும் இடுவர். போர்க்களத்தில் மாண்டவர், வீடு மீண்டு முதுமையில் மாண்டவர் என்று அங்கே கல்லுக்குக் கல் வேறுபாடு பார்ப்பதில்லை.